பர்மனன்ட் வேலைக்கு ஒரு கிட்னி

டேனி,

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் “ஷிஃப்டுக்கு டைம் ஆயிடுச்சி நைனா” என்று வைத்துவிடுகிறாய். தடாவுக்கு அந்தப் பக்கம் காலையிலும் மதியத்திலும் சாயந்திரத்திலும் ஷிஃப்ட் ஆரம்பித்துக்கொண்டே இருக்கும் கம்பெனி எது என்று எனக்குத் தெரியவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனைப் பாதியில் வைக்கிற மாதிரி இதைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது. சின்ன வயதிலிருந்தே எழுத்து என்று ஒன்று கையில் கிடைத்தால், பஜ்ஜி மடித்த பேப்பராக இருந்தாலும், கடைசி வரி வரை படிப்பவன் நீ.

வருகிற வாரம் உனக்குக் கல்யாணம். பந்தல்காரன் வந்து அளவு எடுத்துப் போய்விட்டான். ஆரம்பாக்கத்தில் பாதி வீட்டுக்குப் பத்திரிகை கொடுத்தாயிற்று. மனசில் வேறு எதுவும் இல்லாமல் நடமாடவேண்டிய நேரம் இது. நேற்று உன் அம்மா தேங்காய் திருகிக்கொண்டே, ஏதோ பால்காரன் வரவில்லை என்று சொல்வதுபோலச் சொல்கிறாள்: “அந்த பாஸ்கரு மறுபடியும் போன் பண்ணானாம். வேற யாருக்கோ வேணுமாம், குடுத்தா பர்மனன்ட் ஆக்கித் தர்றானாம். இந்த தபா கமிட்டி, இன்டர்வியூ, அந்த பேஜாரு எதுவும் இருக்காதாம், வெளியூர்ல வச்சி பாத்துக்கலாங்கறானாம். கல்யாணம் முடியட்டும், யோசிச்சி சொல்றேன்னு சொல்லிருக்கான் டேனி.” யோசித்துச் சொல்கிறாயா? அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் சாப்பிட்ட சோறு எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ சொல்லிக்கொண்டு திரிகிற கதையில் நான் உன் வேலையைக் கெடுத்த ஆள். உன் நண்பர்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். ரயிலில் பார்க்கிற பையன்கள் என்னைப் பார்த்ததும் போனைக் குனிந்து பார்ப்பதிலேயே தெரிகிறது. சரி. நடந்ததை முதலிலிருந்து ஒரு தடவை என் வாயால் கேள். இடையில் “நைனா, உனுக்குப் புரியாது” என்று சொல்ல நீ எதிரில் இல்லை என்பது எனக்குக் கிடைத்த ஒரே வசதி.

ஐ.டி.ஐ. முடித்து நீ கும்மிடிப்பூண்டியில் அந்த வார்ப்பட ஆலையில் சேர்ந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். கிரைண்டிங் செக்ஷன். வார்த்து எடுத்த இரும்பின் பிசிறைத் தேய்த்து எடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். வருஷா வருஷம் கான்ட்ராக்டரின் பெயர் மாறும், உன் கழுத்தில் தொங்குகிற கார்டு மாறும், நீ நிற்கிற இடம் மட்டும் மாறாது. பக்கத்து மெஷினில் அதே வேலையைச் செய்கிற பர்மனன்ட் ஆளுக்கு கேண்டீனில் தனி டோக்கன், உனக்குத் தனி டோக்கன். இதையெல்லாம் நீ புலம்பியதே இல்லை. ரூத் வீட்டில் கல்யாணம் பேசப் போனபோதுதான் அது உன்னைக் குத்தியது. ரூத்தின் அப்பா நல்ல மனிதர். பையனைப் பிடித்திருக்கிறது, குடும்பத்தைப் பிடித்திருக்கிறது, வேலை பர்மனன்டா என்று மட்டும் கேட்டார். நான் அதில் தப்புச் சொல்லமாட்டேன். எனக்கு ஒரு பெண் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். “கூடிய சீக்கிரம் ஆயிடும் மாமா” என்று நீ சொன்னாய். எப்படி ஆகும் என்று அன்றைக்கு உனக்கே தெரியாது.

பிறகு ஆலையில் ரத்த தான முகாம் வைத்தார்கள். ரத்தம் கொடுத்து, பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கொண்டு வந்தாய். நல்ல காரியம் என்று நானே சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து பாஸ்கர் உன்னை டீக்குக் கூப்பிட்டிருக்கிறான். ஆபீசில் ஆட்களைப் பார்த்துக்கொள்கிறவன், முதலாளிக்கு வலது கை. முதலாளிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார், உன் ரத்தம் அவருக்குச் சேருகிறது என்று சொல்லியிருக்கிறான். பணம் என்ற பேச்சையே அவன் எடுக்கவில்லை. “மொதலாளி நன்றி மறக்கமாட்டாரு, உன்ன ஒடனே பர்மனன்ட் ஆக்கிடுவாரு” என்று மட்டும் சொல்லியிருக்கிறான். நீயும் ஒரு வார்த்தை எங்களிடம் கேட்காமல் போய் எல்லா டெஸ்டும் எடுத்துக்கொண்டு, பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு வீட்டுக்கு வந்து நின்றாய்.

அன்றைக்கு நீ ஆரம்பித்த விதம் இப்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. “மா, ஒரு நாள் லீவு போடுங்க. நீயும் நைனாவும் ஆஸ்பத்திரிக்கு வரணும், ஒரு இன்டர்வியூ” என்றாய். உன் அம்மா என்ன புரிந்துகொண்டாள்? கையில் இருந்த கரண்டியோடு எழுந்து, “பர்மனன்ட் ஆக்கறாங்களாடா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“தேவனுக்கு ஸ்தோத்திரம்! அதுக்கு நாங்க எதுக்குடா வரணும்?”

நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். சொல்லி முடித்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. நீ கத்தவில்லை. என் இடது கையைப் பார்த்தாய். “நீ ரெண்டு வெரலு குடுத்த நைனா. அந்த டப்புலதான் என்ன ஐ.டி.ஐ. படிக்க வச்ச. நான் ஒரு கிட்னி குடுக்கறேன். நீ குடுத்தா தியாகம், நான் குடுத்தா தப்பா?” என்றாய். உன்னைப் படிக்க வைத்தது இந்தக் கேள்வியைக் கேட்கத்தானா என்றுகூடத் தோன்றியது.

அன்றைக்கு வராத பதில் இப்போது வருகிறது, எழுதிவிடுகிறேன். நான் விரலைக் கொடுக்கவில்லை. தகடு வெட்டுகிற பிரஸ் அதை எடுத்துக்கொண்டது. நஷ்டஈட்டுக்காக ஒரு ஆபீசுக்கு அலைந்தேன். அங்கே சட்டத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் போனால் இவ்வளவு சதவீதம், மற்ற விரலுக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருக்கும். அங்கிருந்த குமாஸ்தா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “ஓரத்து ரெண்டு வெரலுதான?” என்றார். கட்டைவிரல் போயிருந்தால் கூடக் கிடைத்திருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோல ஒரு குரல். ஆனாலும் அந்த அட்டவணை போன விரலுக்குத்தான், டேனி. விபத்து நடந்துவிட்டது, இந்த ஆள் இனி எப்படிப் பிழைப்பான் என்று யோசித்துப் போட்டது. விபத்துக்கு முந்தின நாள் ஒருத்தன் டீ வாங்கிக் கொடுத்து, “ரெண்டு வெரல மெஷின்ல வை, உன் புள்ளைய படிக்க வைக்கறோம்” என்று சொல்லியிருந்தால், அவன் டீ கிளாசை அவன் மூஞ்சியிலேயே ஊற்றியிருப்பேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இருபத்தெட்டு வயது மகனுக்கு நான் கடிதம் போட்டு விளக்க வேண்டியிருக்கிறது.

“என் ஒடம்பு, என் இஷ்டம்” என்றும் சொன்னாய். உன் உடம்பு உன்னுடையதுதான், நான் மறுக்கவில்லை. ரூத்துக்கு ஒன்று என்றால் நீ கொடு, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து உட்காருகிறேன். முன்பின் தெரியாதவருக்குச் சும்மா கொடுக்கிறேன் என்று நீ வந்து நின்றிருந்தால்கூட, பைத்தியமாடா என்று திட்டிவிட்டு, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் ஒன்றை யோசித்தாயா? அந்த முகாமில் பர்மனன்ட் ஆட்களும் ரத்தம் கொடுத்தார்கள். ஆபீஸ்காரர்கள் கொடுத்தார்கள். பாஸ்கரும் கொடுத்தான். உன் ரத்த வகை அவர்களில் ஒருத்தருக்கும் இல்லையா? அவர்களில் யாரை டீக்குக் கூப்பிட்டான்? முதலாளியிடம் கேட்டு வாங்கவேண்டியது எதுவும் பாக்கி இல்லாதவனிடம் அவன் போகவில்லை. பல வருஷம் வேலை பார்த்ததற்கு உனக்கு நியாயமாக வரவேண்டியதைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, அதையே காட்டி உன் வயிற்றுக்குள் இருப்பதைக் கேட்டான். இதற்குப் பெயர் உன் இஷ்டமா?

இவ்வளவு தெரிந்தவன் எதற்காகக் கூட வந்தாய் என்று நீ கேட்பாய். நீ ஒரு வாரம் வீட்டில் சாப்பிடவில்லை, அதனால் வந்தேன். உன் அம்மா, “போய்த் தொலைலாம் வா, புள்ள மூஞ்சிய பாக்க முடில” என்றாள். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கிட்னி கொடுக்க அனுமதி தருகிற கமிட்டி நம்மைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த போட்டோ கூத்து. சொந்தக்காரர் அல்லாதவர் கிட்னி கொடுத்தால் அது பாசத்தில்தான் கொடுக்கிறார், விலைக்கு இல்லை என்று கமிட்டிக்கு நிரூபிக்க வேண்டும், அதற்குப் பழைய போட்டோ வேண்டும் என்று பாஸ்கர் சொன்னான். பழைய போட்டோ இல்லை, அதனால் புதிதாக எடுக்கலாம் என்றான்! சென்னையில் முதலாளி வீட்டுக்குக் கார் வைத்துக் கூட்டிப் போனார்கள். அவ்வளவு பெரிய ஹாலில் நம் மூன்று பேரையும் சோபாவில் உட்கார வைத்து, முதலாளியை நடுவில் வைத்து, ஒரு கேக்கை வெட்டச் சொன்னார்கள். பிறகு பாஸ்கர் ஒரு கவரிலிருந்து வேறு சட்டையை எடுத்து நீட்டினான். “மாத்திக்கோங்க அங்கிள், இது பொங்கலு.” பொங்கல் முடிந்ததும், “இது கிறிஸ்மஸு, நீங்க கேக்க ஊட்டி வுடுங்க சார்.” முதலாளியின் மனைவியும் பாவம், உள்ளே போய் உள்ளே போய் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அம்மா தன் சேலையை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் அந்த ஆல்பத்தில் பொங்கலுக்கும் கிறிஸ்மசுக்கும் அவள் ஒரே சேலைதான்.

அந்த மனிதரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஊசி போட்டுப் போட்டு அவர் முழங்கை கயிறு சுருட்டி வைத்ததுபோல வீங்கியிருந்தது. எங்களுக்குக் காபி வந்தது, அவருக்குச் சின்ன டம்ளரில் தண்ணீர் வந்தது. அதையும் ஒரே மடக்கில் குடிக்காமல் உதட்டை நனைத்து நனைத்து வைத்தார். அதற்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாதாம். நீ சட்டை மாற்றப் போனபோது என்னிடம் மெதுவாக, “தப்பா நெனைக்காதீங்க. சாவறதுக்கு பயமா இருக்கு” என்றார். அப்போது அவர் முதலாளியாகத் தெரியவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு பாஸ்கர் மூன்றாவது சட்டையை நீட்டினான், அந்தக் கஷ்டம் போய்விட்டது.

கமிட்டியில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ அதைச் சொல்கிற விதம் வேறு. நான் திட்டம் போட்டுக்கொண்டு வந்து உன்னைக் காட்டிக் கொடுத்தேன் என்கிறாய். நான் காரில் வரும்போது பாஸ்கர் சொல்லிக் கொடுத்த பதில்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன், டேனி. சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்லத்தான் வந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள், ஒரு அதிகாரி, ஓரத்தில் வீடியோ. ஒரு லேடி டாக்டர்தான் கேள்வி கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“அவரு உங்களுக்கு என்ன வேணும் தம்பி?”

“எனக்கு அப்பா மாதிரி மேடம்.”

இதைச் சொல்லும்போது உன் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். “நீங்கதான அப்பா? இந்தக் குடும்பத்தோட எப்படிப் பழக்கம்?”

“நல்லா பழக்கம்மா. பொங்கலுக்கு, கிறிஸ்மஸுக்கு எல்லாம் போவோம்.”

“அவங்க உங்க வீட்டுக்கு வந்திருக்காங்களா?”

“வருவாங்க.”

“அவருக்கு எத்தனை பிள்ளைங்க?”

பாஸ்கர் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் உன்னைப் பார்த்தேன். உனக்கும் தெரியவில்லை. அப்பா மாதிரியானவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாமல் நீ மேஜையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாய். நீ ஒன்றாம் வகுப்பில் பதில் தெரியாமல் நிற்கும்போதும் அப்படித்தான் சுரண்டுவாய். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபமா, வெட்கமா, எதுவென்று தெரியவில்லை. இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், இத்தனை படித்தவர்கள் முன்னால், என் பிள்ளை தன் உடம்பில் ஒரு பாகத்தைக் கொடுக்கப் போகிறான், அதற்கும் அவன் பொய் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

“கிட்னி கொடுத்தா உங்க பையனுக்கு ஏதாவது தர்றதா சொல்லியிருக்காங்களா? பணம்?” என்றார் அந்த டாக்டர்.

“பணம் இல்லம்மா. பர்மனன்ட் ஆக்கறேன்னாங்க.”

வாயிலிருந்து வந்துவிட்டது. உன் அம்மா மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வேலையும் பணத்துக்குச் சமம்தான் ஐயா. வாங்கறவங்களுக்கு மட்டும் இல்ல, கொடுக்கறவங்களுக்கும் சட்டத்துல ஜெயில் இருக்கு, தெரியுமா?” என்றார். நீ எழுந்து, “மேடம், எங்கப்பாக்கு ஒண்ணும் தெரியாது, உளர்றாரு” என்றாய். லேடி டாக்டர் உன்னை உட்காரச் சொன்னார். “தம்பி, ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் வெயிட்டு தூக்கக் கூடாது, ஆயுசுக்கும் செக்கப் பண்ணிக்கணும். அதுக்கெல்லாம் யார் பொறுப்புன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?” என்று கேட்டார். அன்றைக்கு அனுமதி மறுத்தார்கள். கேஸ் எதுவும் போடாமல் விட்டது நாம் செய்த புண்ணியம்.

திரும்பி வரும்போது கார் கிடையாது. ரயிலில் வந்தோம். நீ வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாய்.

அந்தக் கமிட்டி மீதும் எனக்குக் கோபம் உண்டு, நினைத்துக்கொள். அவர்கள் கேட்டதெல்லாம் சரியான கேள்விதான். ஆனால் ஒரு கிட்னியை வாங்க இத்தனை டாக்டர், இத்தனை கேள்வி, வீடியோ வைக்கிற அரசாங்கம், உன் நுரையீரலில் இரும்புத் தூள் ஏறுவதைக் கேட்க ஒரு ஆளை அனுப்பியதில்லை. வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் பெயரில் உன் இடுப்பையும் கண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டபோது, இதைப் பாசத்தில்தான் கொடுக்கிறாயா தம்பி என்று யாரும் உன்னை உட்கார வைத்துக் கேட்கவில்லை. மொத்தமாகக் கேட்டால் குற்றம், சில்லறையாகக் கேட்டால் வேலைவாய்ப்பு. இந்த ஆத்திரம் உனக்கும் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் ஏற்கெனவே பாதி எடுத்துக்கொண்டார்கள், மிச்சத்தையும் நானே கொடுத்துவிடுகிறேன் என்பது அதற்குப் பதில் ஆகுமா? சட்டம் ஒரு இடத்திலாவது குறுக்கே நின்றது. அந்த ஒரு இடத்தையும் நாமே ஆல்பம் போட்டு ஏமாற்றப் பார்த்தோம்.

அப்புறம் நடந்ததுதான் என்னை இன்னும் பேஜார் ஆக்கியது. அடுத்த மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் மாறியபோது உன் கார்டு மட்டும் வரவில்லை. நீ தடா எல்லை தாண்டிப் போய் ஒரு ரூமில் தங்கி வேலை தேடிக்கொண்டாய். கொஞ்ச நாளில் செய்தி வந்தது: முதலாளிக்கு அவர் மனைவியே கிட்னி கொடுத்துவிட்டார், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். சொந்தத்தில் யாருக்கும் சேரவில்லை என்றுதானே பாஸ்கர் உன்னிடம் சொன்னான்? அன்றைக்குச் சேராதது இன்றைக்கு எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. வைத்தியத்தில் ஏதாவது வழி வந்திருக்கலாம். இல்லை, சோபாவில் உட்கார வைக்க ஒரு கிரைண்டிங் பையன் இருக்கும்போது வீட்டு ஆளை ஏன் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நினைத்திருக்கலாம். நான் ஜெயித்ததுபோல உன் அம்மாவிடம் போய், “பாத்தியா, ஊட்லயே ஆளு இருந்துது” என்றேன். அவள் என்னை முறைத்தாள். “நீ ஒண்ணும் கெலிக்கல. அந்தம்மாவ யாராவது கேட்டாங்களா? பொண்டாட்டின்னா குடுத்துதான ஆவணும்னு எல்லாரும் சுத்தி நின்னா, அது மட்டும் இஷ்டமா?” என்றாள். புடவை மாற்றி மாற்றி வந்து, வாய் திறக்காமல் நின்ற அந்தப் பெண்ணின் முகம் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இதெல்லாம் முடிந்த கதை என்று நினைத்து, நீ கோபத்தில் இருக்கிறாய், கல்யாணத்தில் சரியாகிவிடும் என்று விட்டு வைத்திருந்தேன். இப்போது பாஸ்கர் மறுபடியும் வந்திருக்கிறான். அவன் இதையே தொழிலாக ஆக்கிக்கொண்டான் என்று தெரிகிறதா உனக்கு? முதல் தடவை முதலாளியின் உயிர் என்று ஒரு முகமாவது இருந்தது. இந்தத் தடவை யாரென்றே தெரியாது. வெளியூர், கமிட்டி இல்லை, கேள்வி இல்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் வயிற்றைக் கிழிக்கப் படுப்பாயா? தையல் பிரிந்தால் எந்த ஆஸ்பத்திரியில் போய் என்ன சொல்லுவாய்? பர்மனன்ட் ஆக்கவில்லை என்றால் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பாய்? விற்றதற்கு ரசீது கேட்பாயா?

“கல்யாணம் முடியட்டும்” என்றாயாமே, அதில்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. கல்யாணம் முடிந்தால் சட்டப்படி கேட்கிற இடத்தில் இனி என்னைக் கேட்கமாட்டார்கள், உன் மனைவியைத்தான் கேட்பார்கள். சட்டத்துக்கு வெளியே போனால், தையல் போட்ட வயிற்றோடு நீ வந்து விழப்போவது அவள் முன்னால். எப்படிப் பார்த்தாலும் இதில் அடுத்து மாட்டப்போகிறவள் ரூத். அவளிடம் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாயா? பர்மனன்ட் கொஞ்சம் தள்ளிப்போகிறது என்று மட்டும்தானே சொல்லி வைத்திருக்கிறாய்?

அதனால் நான் ஒன்று செய்தேன். கோபப்படு, பரவாயில்லை. இதுவரை எழுதினதை எடுத்துக்கொண்டு இன்றைக்குக் காலையில் பொன்னேரிக்குப் போனேன். ரூத்துக்கு இந்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தாள். அவள் அப்பா கடைக்குப் போயிருந்தார். “படிம்மா” என்று கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். மருமகளாக வரப்போகிற பெண்ணிடம் இதைக் கொடுக்கிறோமே, இன்றோடு கல்யாணம் நின்றுவிட்டால் உன் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயந்தேன். ஆனால் தெரியாமல் வந்து மாட்டிக்கொள்வதைவிட, தெரிந்து வேண்டாம் என்று சொல்லட்டும் என்று நின்றேன்.

அவள் படித்து முடித்து வெளியே வந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது.

“மாமா, பர்மனன்ட்டு வேணும்னு சொன்னது எங்கப்பா. நான் சொன்னேனா?”

“இல்லம்மா.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாரா அவரு? எனுக்கு ஒசத்தியா ஒண்ணு வாங்கி குடுக்கறேன்னு நெனச்சிக்கினு என்னியே கேக்காம போய் படுத்துருப்பாரா?”

அவள் காகிதங்களை மடித்து என் கையில் கொடுத்தாள்.

“இத்த அவருக்கு அனுப்புங்க. எங்கப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நானும் வேலைக்கு போறேன், கான்ட்ராக்ட்டுதான், என்ன யாரும் கொறச்சி பாக்கல. அவர முழுசா வரச் சொல்லுங்க மாமா. அந்த பாஸ்கரு நம்பர அழிச்சிட்டு, அவரே எனுக்கு போன் பண்ணணும். அது வரைக்கும் நான் பண்ணமாட்டேன்.”

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு ரயிலைப் பிடித்து வந்து மிச்சத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னோடு பேச வேண்டாம், டேனி, கல்யாணத்தன்று போட்டோவுக்குக்கூடச் சிரிக்க வேண்டாம். அவளுக்கு மட்டும், இது உன் கைக்குக் கிடைத்த அன்றைக்கே போன் பண்ணு. அவள் ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் பண்ணு.

உன் அப்பா